காது வெட்டுப்பட்ட ஏழு பூனைகள்

"அக்கா, ஒரு கொலை கேசு," என்றான் மஹபூப் பாஷா, ஆட்டோவை அணைக்காமலே.

சனிக்கிழமை அரை ஷிஃப்ட் முடிந்து தோல் ஃபாக்டரி கேட்டிலிருந்து பெண்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். சவுரியம்மாள் டிபன் பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"யார் செத்தது?"

"பூனை."

"எத்தனை?"

"இன்னும் ஒண்ணும் கெடைக்கல. அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தது."

"பொணம் கெடைக்கல, ஆனா கொலை. முதல்ல வண்டியை ஆஃப் பண்ணு தம்பி, பெட்ரோல் வீணாவுது."

சவுரியம்மாளுக்கு ஆம்பூரில் தோல் ரகம் பிரிக்கும் வேலை. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். ஒரு தோலை வெளிச்சத்தில் விரித்தால் போதும், அந்த மாடு எந்த முள்வேலியில் உரசியது, எத்தனை உண்ணி கடித்தது என்று சொல்லிவிடுவார். தோலைப் படிக்கிறவர் ஆளையும் படிப்பார் என்று அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சு. கம்மல் காணோம், சைக்கிள் காணோம் என்று அவரிடம்தான் வருவார்கள். பக்கத்து வீட்டு மஹபூப்புக்கு அதில் அவரைவிட ஆசை அதிகம். போன மாதம் சைக்கிள் கேசில் ஆட்டோவைத் தந்தவன் அவன்தான். கேசை முடித்ததே தான்தான் என்று ஸ்டாண்டில் சொல்லிக்கொண்டிருந்தான்.

பின் சீட்டிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். அழுது சிவந்த கண். கையில் பிளாஸ்டிக் கவரில் போட்ட ஒரு காகிதம்.

"இவங்க தேவகி," என்றான் மஹபூப். "ஷூ கம்பெனில தையல் பிரிவு. மண்டிச் சந்துல வீடு. தெருப் பூனைங்களுக்கு எல்லாம் இவங்கதான் சோறு."

"தோலுக்காக் கொல்றான்க்கா," என்று தேவகி நேரே விஷயத்துக்கு வந்தாள். "பச்சைத்தோல் மண்டி வெச்சிருக்கானே சமீருல்லா, அவன்தான். ஏழு பூனைக்குக் காதுல லாட் வெட்டு போட்டுட்டான். எட்டாவது என் செம்பி. புதன்கிழமை காலைல இருந்து காணோம். நாலு நாளாச்சி. அஞ்சு மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. எழுதிக் குடுத்தா கூப்பிட்டு விசாரிப்பாங்களாம். அதுக்குள்ள அவ உசுரோட கெடைக்கணும்க்கா, வேற ஒண்ணும் வேணாம்."

லாட் வெட்டு என்றால் அந்தச் சந்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறினால் மை நிற்காது. அதனால் யாருடைய சரக்கு என்று தெரிய, தோலின் ஓரத்தில் கத்தியால் ஒரு வெட்டு போட்டு அனுப்புவார்கள். வேறு ஊர்க்காரர்கள் காது வெட்டுப்பட்ட பூனையைப் பார்த்தால், நாய் கடித்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மண்டிச் சந்துக்காரர்களுக்குத் தோல்தான் நினைவுக்கு வந்தது.

சவுரியம்மாள் அவள் கையிலிருந்த புகார் மனுவை வாங்கிப் படித்தார். பிறகு பையிலிருந்து தோலில் பழுதைக் குறிக்கும் வெள்ளிப் பேனாவை எடுத்தார்.

"தேவகி, நீ உன் கண்ணால பார்த்ததை மட்டும் சொல்லு. மனுல அந்த வரிக்கு மட்டும் நான் கோடு போடறேன்."

"செவ்வாய்க்கிழமையானா பொழுது சாய நான் மீன் சோறு வெச்சா, அந்த ஆளு வந்து தட்டோட எடுத்துட்டுப் போய்டறான். பட்டினி போட்டுப் புடிக்கிறான்."

"எடுத்தது பார்த்தது. பட்டினி நீ நெனச்சது. அப்புறம்?"

"புதன் விடிஞ்சா டி.வி.எஸ்.ல ஒரு கம்பிக் கூண்டு, மேல கோணி. உள்ள பூனை கத்துது."

"பார்த்தியா, கேட்டியா?"

"கேட்டேன்."

"அப்புறம்?"

"வெள்ளிக்கிழமை அதே பூனை சந்துல நிக்குது. காது நுனி இல்ல. சிலதுக்கு வயித்துல மயிரைச் சிரைச்சி வெச்சிருக்கு. தோல் தேறுமான்னு பார்த்திருக்கான் பாவி."

கோடுகள் மூன்று வரியின் கீழ் விழுந்தன. 'தோலுக்காகக் கொன்று வருகிறார்' என்ற நாலாவது வரி கோடில்லாமல் நின்றது.

"இது?"

"அது… தெருவுல எல்லாரும் சொல்றாங்க."

"அவங்களுக்கு யாரு சொன்னது?"

தேவகி முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான்."

மஹபூப்புக்குச் சிரிப்பு வந்தது. சவுரியம்மாளின் முகத்தைப் பார்த்து இருமிக்கொண்டான்.

"புகார் குடுக்கறது தப்பில்ல," என்றார் அவர். "வாயில்லா ஜீவன், அதுக்கு நாமதான் பேசணும். ஆனா பார்த்தது வேற, நெனச்சது வேற. வா, பூனைங்களைப் பார்ப்போம்."

மண்டிச் சந்தில் உப்புத் தோல் வாடை மூக்கைப் பிடித்தது. தேவகி 'ப்ஸ் ப்ஸ்' என்று கூப்பிட, ஓட்டுக் கூரையிலிருந்தும் சாக்கடைப் பலகைக்கு அடியிலிருந்தும் ஒவ்வொன்றாக வந்தன. மஹபூப் விரல் விட்டு எண்ணினான்.

"ஏழு பூனை காது வெட்டு. எல்லாம் இடது காது. நாலுக்கு வயித்துல சிரைச்ச அடையாளம், மூணுக்கு இல்ல. மூணை விட்டுட்டானே, ஏன்? பிளேடு தீர்ந்துபோச்சா?"

"அந்த நாலும் ஆணா பெண்ணா பாரு."

"நானா?"

"கேசு உன்னுது தம்பி."

சாம்பல் நிறத் தடியன் ஒருவன் மஹபூப்பின் மணிக்கட்டில் கோடு கிழித்தான். மற்றவற்றின் வாலைத் தேவகி தூக்கிப் பிடித்தாள். கடைசியில் அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்தான். "சிரைச்ச நாலும் பொட்டை. சிரைக்காத மூணும் கடுவன். இந்தத் தடியன் உட்பட."

சவுரியம்மாள் ஒரு வெள்ளைப் பூனையை மடியில் வைத்து அதன் காதை வெளிச்சத்துக்குத் திருப்பினார். விரல் நுனியால் ஓரத்தைத் தடவினார். பூனை கண்ணை மூடிக்கொண்டது.

"இதுக்குக் கை பயம் இல்ல," என்றார். அவ்வளவுதான். "மண்டிக்குப் போலாம்."

மண்டி வாசலில் சமீருல்லா உட்கார்ந்திருந்தார். அறுபது வயது; வெள்ளைத் தொப்பி. உச்சி வெயிலில், உப்பு போட்டு அடுக்கிய தோல்களுக்கு நடுவே மேஜை போட்டு, வியர்க்க வியர்க்க போனில் பேசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய ஆபீஸ் ரூம். கதவு சாத்தியிருந்தது; ஜன்னலுக்கு மேலே ஏ.சி. மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

மஹபூப் சவுரியம்மாளின் காதருகே குனிந்தான். "அக்கா, பார்த்தீங்களா? ஏ.சி. உள்ள ஓடுது, ஓனர் வெளியே வேவுறார். காவல் இருக்காரு. உள்ளதான் தடயம்."

"முதல் தடவையா சரியாப் பார்த்திருக்க."

தேவகியைக் கண்டதும் சமீருல்லா எழுந்து ஒரு அடி பின்னால் போனார். "இன்னாம்மா, இன்னைக்கும் விளக்குமாறா?"

"என் செம்பி எங்கே?"

"பாய், உட்காருங்க," என்றார் சவுரியம்மாள். "இந்தப் பொண்ணு அஞ்சு மணிக்கு ஸ்டேஷன்ல கையெழுத்து போடப் போவுது. நீங்க பூனைத் தோல் வியாபாரம் பண்றீங்கன்னு."

"பூனைத் தோலா? யா அல்லாஹ்!" என்றார் சமீருல்லா. சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"அவரு செய்யல தேவகி," என்றார் சவுரியம்மாள்.

"அக்கா! காதுல வெட்டு இருக்கே!" என்றான் மஹபூப், தேவகி கேட்பதற்கு முன்பே.

"காதுல இருக்கறதாலதான் சொல்றேன். மண்டிக்குத் தோல் வந்ததும் முதல்ல எதை வெட்டி எறிவாங்க?"

மஹபூப் யோசித்தான். "தலை, காது, கால் நுனி."

"குப்பைக்குப் போற காதுல எந்த வியாபாரியாவது லாட் குறி போடுவானா? நம்ம தொழில் தெரியாதவன்தான் அங்க போடுவான். பாய் நாப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கார்."

தேவகி சமீருல்லாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டாவது, வெட்டோட ஓரம். இழுத்துப் புடிச்சி அறுத்த காயம் பிசிறு தட்டி ஆறும். உசுரோட மாட்டுக்குப் பட்ட காயத்தை நான் தினமும் பார்க்கறேன். இந்த ஏழும் ஒரே நேர்கோடு, சுத்தமா ஆறியிருக்கு. துள்ளுற பூனைக்கு அப்படி வெட்ட முடியாது. அசையாம இருந்திருக்கணும். அதாவது மயக்கத்துல."

"மயக்க மருந்து குடுத்துக் கடத்தறாரா?" என்றான் மஹபூப்.

"இருடா. மூணாவது, நீ எண்ணினது. தோல் வேணும்கிறவனுக்கு ஆணென்ன பெண்ணென்ன? வயித்துல சிரைச்சது பொட்டைங்களுக்கு மட்டும். பொட்டைக்கு மட்டும் வயித்துல கத்தி வைக்கிற வேலை எது?"

மஹபூப் தலையைச் சொறிந்தான்.

"எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனப்ப," என்று சவுரியம்மாள் தொடர்ந்தார், "முந்தின ராத்திரியே சாப்பாட்டைப் புடுங்கிட்டாங்க. வெறும் வயித்துலதான் மயக்க ஊசி போடுவாங்களாம். நர்ஸை நான் திட்டாத திட்டு இல்ல. தேவகி, செவ்வாய்க்கிழமை உன் மீன் சோத்தை எடுத்தது பட்டினி போட இல்ல."

"குடும்பக் கட்டுப்பாடு!" என்று மஹபூப் கத்திவிட்டான்.

"அதேதான். முனிசிபாலிட்டில நாய்ங்களுக்குப் பண்ணிட்டு, மறுபடி புடிக்காம இருக்கக் காதுல அடையாளம் வெச்சி விடறாங்களே, அதே மாதிரி. என்ன பாய்?"

சமீருல்லா தொப்பியை எடுத்துத் தலையைத் தடவிக்கொண்டார். "வாணியம்பாடில என் தங்கச்சி மக அம்பரீன், மாட்டு டாக்டரு. புதன்கிழமை ஆபரேஷன் வெச்சிக்குது. எலித் தொல்லைக்கு மண்டியில பூனை வேணும். ஆனா குட்டி ஜாஸ்தியானா, ஆளுங்க கோணில கட்டி பாலாத்துல விட்டுட்டு வர்றானுங்க. ரெண்டு தடவை நான் ஓடிப் போய் அவுத்துவிட்டேன். எத்தனை தடவை ஓட முடியும்?"

"அப்போ சொல்லியிருக்கலாமே!" என்றாள் தேவகி. "நான் தெருவெல்லாம் உங்களை…"

"சொல்லத்தான் வந்தேன். நீ விளக்குமாறு தூக்கின. மத்த மண்டிக்காரன் கிட்ட சொன்னா இன்னா சொல்வான்? தினம் ஆயிரம் தோல் அடுக்குறவன், பூனையை மடியில வெச்சி ஆஸ்பத்திரிக்குப் போறானாம். சிரிச்சே என்னை சாவடிச்சிடுவானுங்க."

"அதெல்லாம் இருக்கட்டும்," என்றாள் தேவகி. "மத்ததெல்லாம் ரெண்டு நாள்ல வந்துடுச்சே. செம்பி ஏன் வரல? ஆபரேஷன்ல ஏதாவது…"

மஹபூப் சவுரியம்மாளைப் பார்த்தான். அவர் சாத்திய கதவைக் காட்டினார்.

"நாப்பது வருஷ வியாபாரி தன்னோட ஏ.சி. ரூமை யாருக்கு விட்டுக் குடுப்பார்? தேவகி, செம்பி கொஞ்ச நாளா குண்டாயிட்டாளா?"

"நான் போடற மீனுதான்னு நெனச்சேன்…"

"அம்பரீன் வயித்தைத் தொட்டுப் பார்த்துட்டு, இன்னும் ஒரு நாள் தாங்காது மாமுன்னு திருப்பிக் குடுத்துட்டுது," என்றார் சமீருல்லா. "சந்துல விட்டா சாக்கடையில போடும். அதான் இங்க. சத்தம் ஆகாதுன்னு கதவைச் சாத்தி வெச்சேன். மெதுவா வாங்க."

கதவு திறந்தது. குளிர்ந்த காற்றோடு பால் வாசம் வந்தது. ஓனர் நாற்காலியின் மேல், மடித்துப் போட்ட மெத்தென்ற ஆட்டுத் தோலில் செம்பி படுத்திருந்தாள். காது இரண்டும் முழுசாக இருந்தன. வயிற்றோடு சின்னச் சின்ன உருவங்கள் முட்டிக்கொண்டிருந்தன. தேவகியைப் பார்த்து அவள் ஒரு தடவை கத்தினாள். இவ்வளவு நாள் எங்கே போனாய் என்று கேட்கிற மாதிரிதான் மஹபூப்புக்குப் பட்டது.

தேவகி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் திரும்பியபோது, சமீருல்லா வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாய், மன்னிச்சிடுங்க."

"விடும்மா. நாலு பேரு பூனைக்குன்னு ஸ்டேஷன் ஏறினா, பாலாத்துக்குக் கோணி தூக்குறவனுக்கும் கொஞ்சம் பயம் இருக்கும்."

"ஸ்டேஷன்ல சொல்லிட்டு வந்துடுவோம்," என்றார் சவுரியம்மாள். "அது சுலபம். தெருவுல சொன்னதை என்ன பண்ணுவ?"

தேவகி எழுந்தாள். "வாயாலதானே சொன்னேன். பாய், நீங்களும் ஆட்டோல ஏறுங்க."

நாலே கால் மணிக்கு ஆட்டோ சந்துக்குள் நுழைந்தது. பின்னால் இரண்டு பெண்கள். முன்னால் மஹபூப்பை ஒட்டி, தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு சமீருல்லா. முதல் வீட்டிலேயே தேவகி அவன் தோளைத் தட்டினாள்.

"நிறுத்து. ஏய் ஜாஸ்மின்! செம்பி கெடைச்சிட்டா! பாய் கொல்லலடி, காப்பாத்தியிருக்கார். நான்தான் தப்பா சொல்லிட்டேன்!"

அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். எதிர் மண்டியிலிருந்து இரண்டு வியாபாரிகள் எட்டிப் பார்த்தார்கள்.

"மெதுவாம்மா, மெதுவா," என்று சமீருல்லா முணுமுணுத்தார். "என் மானம் போவுது."

"போனதைத்தான் திருப்பிக் குடுத்துட்டிருக்கேன்," என்று தேவகி இன்னும் உரக்கக் கத்தினாள். "தன்னோட ஏ.சி. ரூமையே பூனைக்குக் குடுத்துட்டார்! பிரசவமே அங்கதான்! மூணு குட்டி!"

எதிர் மண்டிக்காரர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். மஹபூப் கிளட்சைப் பிடித்தான். சமீருல்லா தொப்பியை மேலே தள்ளிவிட்டு, ஆட்டோவிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டினார்.

"நாலு!" என்று கத்தினார். "ஒண்ணு அடியில படுத்திருக்கு. இந்தம்மா சரியாப் பார்க்கல!"