கழுத்தில் தங்கிய மருந்து

விளக்கு வைக்கும் நேரம் தாண்டியும் குழந்தை அழவில்லை. அதுதான் பூங்கோதைக்கு முதலில் உறுத்தியது.

அவளுடைய கழுத்து வீக்கத்துக்கு வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கதிரியக்க மருந்து கொடுத்திருந்தார்கள். குடிக்கும்போது வெறும் தண்ணீர் போலத்தான் இருந்தது. "மருந்து ஒங்க கழுத்துலதாம்மா தங்கி வேலை செய்யும். அது அடங்குற வரைக்கும் கொழந்தய தூக்காதீங்க, கிட்ட படுக்க வெச்சுக்காதீங்க. ஒங்களுக்கு நல்லது பண்றது அதுக்குக் கெடுதல்" என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார். முன்பே பால் மறக்கடித்தாயிற்று. காவலூர் பஸ்ஸிலிருந்து இறங்கியவள் வீட்டுக்குள் போகாமல், கொல்லையிலிருந்த புளிக் கொட்டகையில் தனியாகப் படுத்தாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தங்கை வசந்தி வந்திருந்தாள்.

முதல் நாள் குழந்தை அம்மாவைத் தேடிக் கத்தியது. பூங்கோதைக்கு நெஞ்சு வலித்தது. உள்ளுக்குள் கொஞ்சம் இனிக்கவும் செய்தது. பிறகு அழுகை குறைந்தது. இன்று அதுவும் இல்லை. பழம்புளியின் நெடியும் ஈரச் சாக்கின் மக்கிய வாடையும் மூச்சை அடைக்க, கதவிடுக்கு வழியே பனியோடு சேர்ந்து சாமைக்கஞ்சியின் வாசனையும், வசந்தியின் வளையல் சத்தமும், புருஷன் கோபால்சாமியின் சிரிப்பும் உள்ளே வந்துகொண்டே இருந்தன. தன்னிடம் அவன் அப்படிச் சிரித்ததில்லை.

வசந்தி கஞ்சியைக் கொட்டகை வாசலில் வைத்தாள்.

"கொழந்த இன்னா பண்றான்?"

"தூங்கறான்க்கா. என் மேலயே படுத்துகினு தூங்கிட்டான். என்னியே அம்மானு கூப்புடுறான்." சாதாரணமாகத்தான் சொன்னாள்.

பூங்கோதை கஞ்சியைத் தொடவில்லை. அந்த மருந்தை இவள் குடித்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள். நினைத்துவிட்டுப் பயந்தாள்.

கதவின் அடியில் ஏதோ சுரண்டியது. சின்ன உள்ளங்கைகள் மண்ணில் பதியும் சத்தம். இருட்டில் தவழ்ந்து வந்து மடியேறியது.

"போடா கண்ணு, அம்மாகிட்ட வரக்கூடாது."

வாய் சொன்னது. கை விடவில்லை. வசந்தியை விட்டுவிட்டுத் தன்னிடம் வந்துவிட்டான். இறுக அணைத்துக்கொண்டாள். உடம்பு சில்லென்றிருந்தது. பனி என்று நினைத்தாள்.

அப்போது வீட்டுக்குள் குழந்தை விழித்து அழுதது. அவள் பெற்ற பிள்ளையின் குரல்.

"இதோ வந்துட்டேன்டா" என்றாள் வசந்தி.

பூங்கோதை அசையவில்லை. மடியில் இருந்ததற்கு மூச்சு இல்லை. அதன் கைகள் அவள் பிடரியைச் சுற்றிக் கோத்துக்கொண்டன. உதடுகள் கழுத்தில் மெல்ல நகர்ந்தன. மருந்து தங்கிய இடத்தைக் கண்டுபிடித்தன. உறிஞ்சத் தொடங்கின.