ஏழு செத்தல் மிளகாய்

நீதித்துறை வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்கவேண்டிய மாபெரும் விசாரணை ஒன்று, இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா பகுதியில், தமிழர் சங்கத் தலைவர் தவராசாவின் பலசரக்குக் கடைப் பின்னறையில், ஞாயிறு மாலை நாலு மணிக்கு ஆரம்பமாகியது!

குற்றச்சாட்டு... சூனியம்!

நானூறு வருடங்களுக்கு முன் ஸ்கொட்லாந்து நீதிமன்றங்களில் இப்படிப்பட்ட பெண்களை ஊசியால் குத்திச் சோதித்தார்களாம்.

தலைவரிடம் ஊசி இல்லை. ரப்பர் முத்திரை இருந்தது.

மேசையில் ஒரு சிவப்புத் துணி முடிச்சு!

"இண்டைக்குக் காலமை சின்யோராவின்ரை கட்டிலுக்குக் கீழை கூட்டேக்கை கண்டனான், அண்ணை!" அலறினாள் கிருசாந்தினி.

லிபெர்த்தா வீதியில் தனியே இருக்கும் அந்த இத்தாலியக் கிழவியை, சின்யோராவை, வியாழன் பின்னேரமும் ஞாயிறு காலையும் மட்டும் பராமரிப்பவள் அவள். மற்ற நாளெல்லாம் விமலராணி.

"ராணியக்கா செய்வினை வைச்சிட்டா! இல்லாட்டி அந்த மனுசி இவவை 'மகளே, மகளே' எண்டு கொஞ்சுமே? என்னைக் கண்டா, செருப்பை வெளியிலை கழட்டு எண்டுது!"

"அதுதான் உனக்கு எரியுது!" விமலராணி சீறினாள். "அண்ணை, இந்த வேலை போனா என்ரை பெர்மெஸ்ஸோ விசாவை எப்பிடிப் புதுப்பிக்கிறது? என்னை நாட்டை விட்டே கலைச்சுப்போடுவாங்கள்!"

"அமைதி!" தவராசா செருமினார். "சின்யோராவுக்குத் தெரியுமோ?"

"காட்டிப்போட்டன்," என்றாள் கிருசாந்தினி. "போனிலை முடிவு சொல்லுறன் எண்டவ. பாருங்கோ அண்ணை, இதுக்குள்ளை ஏழு செத்தல் மிளகாய்..."

"நில்லடி!"

விமலராணி மேசையில் அறைந்தாள்.

"முடிச்சு இன்னும் அவிழேல்லை. ஏழு எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

திடுக்!

தவராசா அவிழ்த்தார். எண்ணினார்.

ஏழு!

"வியாழக்கிழமை நீயே வைச்சு, இண்டைக்கு நீயே எடுத்திருக்கிறாய்!"

"ஓம்!" கிருசாந்தினி உடைந்தாள். "என்னை ஒருக்காலாவது மகளே எண்டு கூப்பிட்டவவே?"

தவராசா எழுதினார்: 'முடிச்சைக் கட்டியவர் கிருசாந்தினி.'

முத்திரை... டக்!

அதே நொடி போன் அலறியது. சின்யோரா! ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"அந்த முடிச்சைக் கட்டியது யார்?" கிழவி இத்தாலியனில் கூவினாள். "வியாழனிலிருந்து என் உயிரை எடுக்கும் மருமகள் இந்தப் பக்கமே வரவில்லை! எங்கள் ஊர்ப் புனிதை சாந்தா ரொசாலியாவிடம் பத்து வருடம் அழுதும் நடக்காத காரியம்! கட்டியவளுக்கே முழு வாரமும் வேலை! மற்றவள் வேண்டாம்!"



"நான்தான் கட்டினன்!" பாய்ந்தாள் விமலராணி.

"பொய்!" கிருசாந்தினி கண்ணைத் துடைத்தாள். "ஏழு மிளகாயும் என்ரை!"

"அண்ணை, தீர்ப்பை மாத்துங்கோ! நான்தான் சூனியக்காரி!"

"முத்திரை குத்தியாச்சு, தங்கச்சி."

கிருசாந்தினி போனைப் பறித்துப் பெயரைச் சொன்னாள்.

"மகளே!" என்றது போன்.

இப்போது எரிந்தது விமலராணிக்கு.

மருமகள் புதன்கிழமையே மிலானோவுக்குப் பல் கட்டப் போயிருந்தாள். திங்கள் காலை திரும்புகிறாள்.