குழாயில் இருந்த பனிக்கட்டி

டிக், டிக், டிக் என்று மூன்று தட்டு தட்டிவிட்டுப் ‘பக்’கென்று பற்றிக்கொள்வதுதான் வீட்டைச் சூடாக்கும் அந்த கேஸ் பாய்லரின் வழக்கம். சமையலறைச் சுவரில் அலமாரி மாதிரி தொங்கிக்கொண்டிருந்த அது, அன்று மாலை தட்டியது, தட்டிக்கொண்டே இருந்தது, கடைசியில் தொண்டையில் சளி கட்டியவரைப் போலக் களகளத்துவிட்டு அடங்கிப்போனது. நெரிஸ் மறுபடி பொத்தானை அழுத்தினாள். அதே களகளப்பு.

வெளியே பனி கொட்டியிருந்தது. கணவன் ஹியூ, பனி உருகச் சாலையில் உப்புத் தூவும் லாரியோடு மலைப்பாதையில் இருந்தான், விடிந்துதான் வருவான். ரிப்பேர் ஆட்கள் திங்கட்கிழமைதான் என்று கைவிரித்துவிட்டார்கள். மாடியில், பிறந்து சில வாரங்களே ஆன லோவ்ரி கம்பளிக்குள் கிடந்தாள். அவளுடைய மூக்கு நுனி சில்லிட்டிருந்தது. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து நெரிஸ் இன்னொரு கம்பளியையும் போர்த்திவிட்டாள்.

பின்வாசலுக்கு வந்தவளைப் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஐவர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, உங்க பாய்லர் துரைக்கும் தொண்டை கட்டிக்கிச்சா? பின்சுவர்ல வெள்ளைக் குழாய் இறங்குதில்ல, அதுல பாய்லர் கழிவுத் தண்ணி உறைஞ்சு அடைச்சிருக்கும். கெட்டில்ல வெதுவெதுன்னு தண்ணி கொண்டாந்து ஊத்து. கொதிக்கக் கொதிக்க ஊத்திராத, விரிசல் விட்டுரும்.”

“இந்த வீட்ல முன்னாடி இருந்தவங்களுக்கும் இப்படித்தான் ஆகுமா, ஐவர் மாமா?”

“அந்தம்மாவா? குளிர்காலம் பூரா கோட்டைப் போட்டுக்கிட்டே உக்காந்திருக்கும். குழாயை மட்டும் யாரையும் தொட விடாது. உறைஞ்சே கிடக்கட்டும்னு சொல்லும். சரியான கஞ்சம்.” சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

இருட்டிக்கொண்டு வந்தது. நெரிஸ் கெட்டில் தண்ணீரைக் குழாய்மேல் ஊற்ற ஊற்ற, ஈரச் சுவரின் பாசி வாடையோடு, நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையின் வாடையும் குழாயிலிருந்து எழுந்து அவள் மூக்கை அடைத்தது. குழாய் முனையை அடைத்திருந்த கட்டி நெகிழ்ந்து விழுந்தது. இனித் தண்ணீர் கீழே சொட்ட வேண்டும். சொட்டவில்லை. முனையில் தொங்கிய துளிகள் ஒவ்வொன்றாகக் குழாய்க்குள் மேலேறிப் போயின.

உள்ளே பாய்லர் ‘பக்’கென்றது.

அப்பாடா என்று ஓடிவந்தாள். பாய்லரின் சின்னக் கண்ணாடியில் நீலச் சுடர் தெரிந்தது. வெந்நீர் ஓடிச் சூடாக வேண்டிய ரேடியேட்டரைத் தொட்டாள். ஐஸ். அதற்குள் அந்தக் களகளப்பு. தொட்ட கைக்கு அடியிலேயே அது நகர்ந்தது. அடுத்துக் கூடத்து ரேடியேட்டரில் கேட்டது. பிறகு படிக்கட்டோரம். புதிதாகக் குடிவருபவர் வீட்டைச் சுற்றிப் பார்ப்பதுபோல், அவசரமே இல்லாமல்.

அடுத்தது பிள்ளையின் அறை.

நெரிஸ் பாய்லரை அணைத்தாள். சுடர் போய்விட்டது. களகளப்பு போகவில்லை. தலைக்கு மேலே கேட்டது. பிறகு நின்றது.

படியேறினாள். கதவு. தொட்டில்.

லோவ்ரி கம்பளியை உதைத்துத் தள்ளியிருந்தாள். கன்னம் கதகதவென்று இருந்தது. நெரிஸுக்கு அழுகையே வந்துவிட்டது. அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

பிள்ளை வாயைத் திறந்தது.

டிக்.

டிக்.

டிக்.

பிறகு, ‘பக்’. அந்தக் குட்டித் தொண்டையின் ஆழத்தில் நீலச் சுடர் ஒன்று பற்றிக்கொண்டு, அசையாமல் எரிந்தது.