ஏழாம் பாகத்தின் மூச்சு

காலை பத்து மணிக்கு அந்த வீட்டுப் படியேறினேன். நல்ல வெயில். பேய்க் கதை என்றால் மழை, இருட்டு, நாய் ஊளை எல்லாம் வேண்டும் என்பார்கள். என் விஷயத்தில் அதெல்லாம் கிடையாது. உள்ளதைத்தான் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

பழைய மாடி வீடு. முன்பு பல் வைத்தியர் ஒருவர் இருந்தார். இப்போது கீழே தையற்கடை, மேலே ஒலிப்பதிவுக் கூடம். புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்து விற்கிறார்கள். படிக்கச் சோம்பல்படுகிறவர்கள் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள். நடு அறையின் சன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை ஒட்டி, இரட்டைக் கதவு போட்டிருக்கிறார்கள். வாசிக்கிறவர் அதற்குள்ளே. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சவுண்டுக்காரத் தம்பியும் நானும். உள்ளே இன்னமும் கிராம்புத் தைல வாடை அடிக்கும். எத்தனை பேர் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்த அறையோ.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் காது உண்டு. மில்லில் முப்பத்திரண்டு வருஷம், மெஷின் தண்டு சுழலத் தாங்குகிற பேரிங் பார்த்தவன். ஸ்குரூடிரைவர் முனையை மெஷின்மேல் வைத்து, பிடியைக் காதருகே எலும்பில் அழுத்தினால் உள்ளே எது தேய்கிறது என்று தெரிந்துவிடும். எந்த பேரிங் எந்த வாரம் போகும் என்றுகூடச் சொல்வேன். இன்ஜினியர்கள் சிரிப்பார்கள். அந்த வாரம் அது போகும். சிரிப்பும் போகும்.

என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டது என் மருமகள். அவள்தான் இங்கே வாசிக்கிறவள். முதலாளியம்மாவிடம் அவள் சொன்னதை நானே கேட்டேன்.

"எங்க மாமா காதுக்கு ஒண்ணும் தப்பாது மேடம். நான் தட்டு வைக்கிற சத்தத்துலயே என் மனசுல என்ன ஓடுதுன்னு கண்டுபிடிச்சிடுவாரு. அப்புறம் ரெண்டு நாள் பேச மாட்டாரு."

அவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

என் மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். வருஷத்தில் ஒன்பது மாதம் கடல். வீட்டில் நானும் அவளும்தான். எனக்கு அவளிடம் பெரிய நம்பிக்கை கிடையாது. மகனைக் கப்பல் வேலையை விடச் சொல்லி உள்ளூரில் உட்கார வைக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அவள் சொல்வதில் பாதியை நாடகம் என்றே எடுத்துக்கொண்டேன்.

வேலை இதுதான். அவள் வாசிப்பாள். நான் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். நாற்காலி முனகினால், வயிறு இரைந்தால், தாள் சரசரத்தால், ஒரு தாளில் தேதி, நிமிஷம், வினாடி, என்ன சத்தம் என்று குறிப்பேன். தம்பி அதைப் பார்த்து அந்தத் துண்டை வெட்டி எறிவார். வெட்டிய இடம் ஓட்டையாக நிற்கக் கூடாது. அதற்காகத் தினமும் வேலை முடிந்ததும் ஒரு நிமிஷம் அந்த அறையின் வெறும் அமைதியைப் பதிவு செய்வோம். ரூம் டோன் என்பார்கள். கிழிந்த துணிக்கு அதே துணியில் ஒட்டுப் போடுவது மாதிரி, அந்த அமைதியை எடுத்து இருமல் இருந்த இடத்தில் ஒட்டுவார்கள். ஆள் உள்ளே இருந்தால்தான் அறையின் அமைதி ஒத்துவருமாம். அதனால் அவள் அந்த ஒரு நிமிஷம் அசையாமல் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவள் வாசித்தது ஒரு துப்பறியும் தொடர், ஏழு பாகம். முந்நூறு வருஷம் கழித்து நடக்கிற கதை. கடலுக்கடியில் கண்ணாடிக் கூரை போட்ட நகரம். பாதி உடம்பு இயந்திரமான ஒரு பெண் துப்பறிகிறாள். பாகத்துக்கு ஒரு கொலை, எல்லாம் பூட்டிய அறையில். முந்நூறு வருஷம் கழித்தும் மனிதன் மனிதனைக் கொன்றுகொண்டுதான் இருப்பான் என்றால் அத்தனை தூரம் போவானேன் என்று தம்பியிடம் கேட்டேன். ஏழாம் பாகத்தில்தான் எல்லாக் கொலையும் செய்த ஆள் யார் என்று தெரியுமாம். ஊரெல்லாம் அதற்குக் காத்திருந்தது.

ஆறாம் பாகத்தில் இருமல் வந்தது.

முதல் வாரம் நாளுக்கு நாலைந்து. பிறகு பத்து, பதினைந்து. வீட்டில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவாள். ஆனால் கண்ணாடி அறையில் ஒளிய இடம் இல்லை. மைக் அவள் வாயருகே. அவள் நெஞ்சு என் காதுக்குள்.

மூன்றாவது வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது தொண்டை இருமல் இல்லை. கீழே, ஆழத்தில், எண்ணெய் வற்றிய பேரிங் மாதிரி ஒன்று உராய்ந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதது இல்லை.

தாளில் "இருமல்" என்று எழுதினேன். அவ்வளவுதான் செய்தேன்.

டாக்டரிடம் போ என்று சொல்லவில்லை. மகனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் கப்பலை விட்டு இறங்கிவிடுவான், இவள் நினைத்தது நடந்துவிடும் என்று ஒரு எண்ணம். ஒருநாள் வேலை முடிந்து ரூம் டோன் எடுக்கும்போது அவளுக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. முகம் சிவந்து, கண்ணில் நீர் நின்றது. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நான் ஒரு விரலை உயர்த்திக் காட்டினேன். ஒரு நிமிஷம், அடக்கு.

அடக்கினாள்.

ஆறாம் பாகம் வெளியான ஒன்பதாம் நாள் போய்விட்டாள். டாக்டர் அவள் நெஞ்சு எக்ஸ்ரே படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, ஆறு மாதம் முன்னால் வந்திருக்கலாமே என்றார். நான் மகனிடம் போனில், "திடீர்னு போயிட்டாப்பா, யாருக்கும் ஒண்ணும் தெரியல" என்றேன். அவன் வந்துசேரப் பதினோரு நாள் ஆயிற்று. வந்தவன் என் தோளில் சாய்ந்து அழுதான். நான் சொன்னதை அப்படியே நம்பினான். எனக்கு மிச்சம் இருப்பது அவன் ஒருவன்தான். அந்தத் தாள்கள் அவன் கையில் கிடைத்தால் அதுவும் இல்லை.

ஏழாம் பாகத்தை யார் வாசிப்பது? முதலாளியம்மா வழி கண்டுபிடித்தார். அவளுடைய பழைய பதிவுகளைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால் அவள் குரலிலேயே வாசித்துவிடுமாம். மகன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். "அவ குரல்ல இன்னும் ஒரு கதை கிடைக்கும்னா கிடைக்கட்டுமேப்பா" என்றான். நடுக்கடலில் அவன் கேட்டுக்கொண்டிருந்ததெல்லாம் அவள் வாசித்த கதைகளைத்தான்.

அதைக் கேட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடத்தான் அன்று காலை வந்தேன். கேட்பவன் கையெழுத்து இல்லாமல் எந்தப் பாகமும் வெளியே போகாது.

தம்பி ஹெட்போனைக் காதில் மாட்டிவிட்டார். அவள் குரலேதான். அதே ஏற்றம், அதே இறக்கம், கேள்வி வரும் இடத்தில் அதே இழுப்பு. ஒன்று மட்டும் இல்லை. மூச்சு இல்லை. எத்தனை நீள வாக்கியமானாலும் மூச்சு வாங்காமல் போயிற்று.

"மெஷினுக்கு எதுக்குப் பெரியவரே மூச்சு?" என்றார் தம்பி. "இதுல ஒரு வசதி பாருங்க. உங்களுக்கு வேலையே இல்ல."

பன்னிரண்டாம் நிமிஷம் மூச்சு வந்தது.

சின்னதாக, மூக்கால் இழுக்கிற மூச்சு. கைப் பழக்கத்தில் தாளில் குறித்தேன். தம்பி அந்த இடத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். கோடு தட்டையாகக் கிடந்தது. ஒன்றுமில்லை என்றார்.

பதினான்காம் நிமிஷம் இன்னொன்று. அதன் அடியில் அந்த உராய்வு.

"உங்களுக்குக் கேக்கலையா?"

தம்பி இல்லை என்று தலையாட்டினார். ஒருவேளை குரலுக்கு அடியில் விரித்த ரூம் டோனில் ஏதாவது கலந்திருக்கும், அது பழசு, புதிதாக ஒன்று எடுத்துவிடலாம் என்றார். இப்போது உள்ளே உட்கார ஆள் வேண்டியதில்லை, வாசித்தது மெஷின்தானே. அறைக்குள் போய் மைக்கைச் சரிசெய்துவிட்டு வந்து இரட்டைக் கதவையும் சாத்தினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காலி நாற்காலி. விளக்கு எரிந்தது. எதுவும் அசையவில்லை.

சிவப்பு விளக்கு. ஒரு நிமிஷம்.

முதல் பத்து வினாடி அறையின் அமைதிதான். பஞ்சுக்குள் காதை வைத்த மாதிரி.

பிறகு நாற்காலி முனகியது.

நாற்காலி அசையவில்லை. கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மூச்சு. இன்னொரு மூச்சு. மைக்கை நெருங்கி வருகிற மூச்சு. பதிவு தொடங்கும் முன் அவள் தொண்டையைச் சரிசெய்துகொள்வாளே, அந்தச் சத்தம்.

மூக்கில் கிராம்புத் தைலம் ஏறியது. கதவு சாத்தித்தான் இருந்தது.

அவள் வாசிக்க ஆரம்பித்தாள். கதை இல்லை. நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே இடம் விட்டு, அவள் வாசிக்கிற அழகோடு:

"ஏழு நிமிஷம். பதினோரு வினாடி. இருமல்."

"ஒன்பது நிமிஷம். நாற்பது வினாடி. இருமல்."

"ஒன்பது நிமிஷம். ஐம்பத்திரண்டு வினாடி. இருமல்."

என் தாளைத்தான் வாசித்தாள். ஆறாம் பாகத்துத் தாளை, வரி பிசகாமல்.

அந்த ஒரு நிமிஷம் முடியவே இல்லை. சிவப்பு விளக்கு அணைந்தபோது தம்பி திரையைக் காட்டினார்.

"சுத்தமா வந்திருக்கு பெரியவரே. ஒரு தூசி இல்ல."

அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா வந்தார். விளம்பரம் போய்விட்டது, சாயங்காலம் வெளியாக வேண்டும் என்றார். என் தாளில் குறித்திருந்த இரண்டு வரியைப் பார்த்தார்.

"மெஷின் எங்கயாவது மூச்சு விடுமா? வயசாயிடுச்சுல்ல, காதும் ஓஞ்சு போயிருக்கும். இல்ல, நிஜமாவே ஏதாவது கேட்டுச்சுன்னா சொல்லுங்க. பழைய பதிவுல இருந்து ஒட்டிக்கிட்டு வந்திருக்கான்னு ஆறாம் பாகத்துத் தாளெல்லாம் எடுத்து ஒத்துப் பார்த்துடலாம்."

அந்தத் தாள்கள். என் கையெழுத்து, என் தேதிகள். இருநூற்றுக்கு மேல் இருமல். அவற்றை வெளியே எடுத்தால் யாராவது ஒருவர் என் மகனிடம் சொல்லாமலா இருப்பார்?

முப்பத்திரண்டு வருஷம் மில்லில் தேய்ந்த பேரிங்கை நல்ல பேரிங் என்று நான் சொன்னதில்லை. அன்று சொன்னேன். இரண்டு வரியையும் அடித்துவிட்டு, அடியில் "சுத்தம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கண்ணாடிப் பக்கம் திரும்பாமல் படியிறங்கி வந்தேன். தையற்கடைக்காரர் ஏன் இப்படி வியர்த்திருக்கிறது என்று கேட்டார். வெயில் என்றேன்.

ஏழாம் பாகம் வெளியானது. ஊரே கேட்டது. அபாரம் என்றார்கள், உயிர் இருக்கிறது என்றார்கள். யாருக்கும் ஒரு மூச்சும் கேட்கவில்லை. கொலைகாரன் யார் என்று சொல்லி உங்கள் கதையை நான் கெடுக்கப் போவதில்லை. பழைய தாள்களைத் தம்பியிடம் கேட்டு வாங்கிக் கொளுத்தினேன். பழைய கணக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

நான்காம் நாள் மத்தியானம், மறுபடி கப்பலேறியிருந்த மகன் அங்கிருந்து கூப்பிட்டான். எங்கோ நடுக்கடல், குரல் விட்டுவிட்டு வந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

"அப்பா, கதை கேட்டு முடிச்சேன்."

"நல்லா இருந்துச்சாப்பா?"

"முடிஞ்சு ஒரு மணி நேரம் ஆச்சு. அவ இன்னும் வாசிச்சிட்டிருக்கா."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"தேதியா வாசிக்கிறா. நிமிஷம், வினாடி, இருமல். எல்லாம் போன வருஷத் தேதி. யாருக்கும் ஒண்ணும் தெரியலன்னுதானே சொன்னீங்க?"

மெஷின் கோளாறாக இருக்கும் என்றேன். அணைத்துவிடு என்றேன். அணைத்துத்தான் இருக்கிறது என்றான். என்னை நம்பாத குரலை என் மகனிடம் அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். அதைக் கேட்க எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

"கடைசியா ஒண்ணு சொல்லுங்க. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாதுப்பா."

அவன் போனை வைக்கவில்லை. அலைச் சத்தத்துக்கு அடியில் அவள் குரல் எனக்கும் லேசாகக் கேட்டது. பிறகு அவன் மெதுவாகச் சொன்னான்.

"இப்ப வாசிக்கிற தேதியெல்லாம் இன்னும் வரவே இல்லையேப்பா. எல்லாம் அடுத்த மாசம்."

"என்னன்னு வாசிக்கிறா?"

"இருமல்னுதான். ஆனா ஒவ்வொண்ணுலயும் ஆம்பளை இருமல்னு சேத்து வாசிக்கிறா. அது உங்களதா, என்னதாப்பா?"