பத்து நிமிஷம் சும்மா இருந்தால்

அப்பாவின் இருமல் தப்பான அறையிலிருந்து வந்தது.

பானுப்ரியா லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். அப்பா தங்கையன் பக்கவாதம் வந்து, பேச்சும் போய், ஒரு வருஷமாக முன்னறைக் கட்டிலில்தான் கிடக்கிறார். இருமல் கேட்டதோ பின்னறையில், ஐந்து வயது மகள் யாழ்மொழி தூங்கும் இடத்தில். பாழாய்ப்போன காது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

போன் அடித்தது. துவாக்குடி சர்வர் மையத்திலிருந்து ஜோஸ்வின். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, உங்க புரோகிராம் சூப்பர். பத்து நிமிஷம் சும்மா இருக்கிற மெஷினோட வேலையைப் பக்கத்து மெஷினுக்கு மாத்திட்டு, அதைத் தூங்க வச்சிடுது. கரன்ட் பாதியா குறைஞ்சிருக்கு. ஆனா லிஸ்ட்ல மூணு மெஷின் கூடுதலா காட்டுது. இங்க அப்படி எதுவும் இல்ல. அதுல ஒண்ணு இப்பதான் தூங்கிச்சு."

ஸ்ரீரங்கத்து மூன்று மணி வெயில் ஜன்னல் கம்பிகளைச் சுட்டுக்கொண்டிருக்க, ஃபேனின் டக்டக்கும் ஃபிரிட்ஜின் உறுமலும் டெட்டால் வாசனையும் வழக்கம்போல் இருக்க, வருஷம் முழுக்க இந்த வீட்டை நிறைத்திருந்த அப்பாவின் இழுப்பு மட்டும் இல்லை என்பது அவளுக்கு மெல்ல உறைத்தது. காலையில் கஞ்சிக்காக முனகியவரிடம், "சும்மாதானே கெடக்குறீங்க, கொஞ்சம் பொறுங்களேன்ப்பா" என்று எரிந்து விழுந்திருந்தாள்.

போனும் கையுமாக முன்னறைக்கு ஓடினாள். அப்பாவின் கண்கள் பாதி திறந்திருந்தன. மூக்கருகே விரல் வைத்தாள். மூச்சில்லை.

இழுப்பு பின்னறையிலிருந்து வந்தது.

யாழ்மொழியின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். மணி மூன்று பன்னிரண்டு. குழந்தையின் நெஞ்சு இரண்டு விதமாக ஏறி இறங்கியது. அப்பாவின் நீண்ட இழுப்பு. நடுநடுவே குட்டி மூச்சு.

குழந்தை கண்ணைத் திறந்தது. "பானு, காலு மரத்துப்போச்சும்மா."

அப்பாவின் குரல். ஒரு வருஷம் கழித்து. ஒரு கணம் சந்தோஷப்பட்டாள். அதை நினைக்கவே அருவருப்பாக இருந்தது. மகளைத் தொட பயமாயிருந்தது. விட்டுப் போகவும் பயம். கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி அப்படியே உறைந்திருந்தாள்.

மடியில் கிடந்த போனில் ஜோஸ்வின் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். "அக்கா, ஒரு மெஷின்ல லோடு ஏறிட்டே போகுது. இன்னொண்ணு ஒன்பது நிமிஷமா அசையவே இல்ல. புரோகிராமை நிறுத்திப் பாத்தேன், நிக்க மாட்டேங்குது. அக்கா? இருக்கீங்களா?"

மூன்று இருபத்தொன்று.

எழுந்திரு. கையைத் தூக்கு. விரலையாவது.

விரல் அசையவில்லை. மூன்று இருபத்திரண்டு.

கத்தினாள்.

"ஜோஸ்வின், நிறுத்துப்பா!"

அவள் குரல்தான். யாழ்மொழியின் வாயிலிருந்து வந்தது.