சாப்பாட்டு மேசையில் குறைந்த இரண்டு துண்டு

பிற்பகல் 2.07. சாப்பாட்டு மேசைக் காட்சியில் கோரா லின்டன் கோப்பையை உயர்த்தினாள். ஒரு வாய் குடித்தாள். நாற்காலியோடு சாய்ந்தாள்.

"பிரமாதம்! கேமரா ஓடட்டும்!" என்று ஒலிபெருக்கியில் கத்தினார் இயக்குநர் டிரெவர் பாய்ஸ்.

கதைப்படி அவள் விழக்கூடாது. ஒவ்வொரு ஷாட்டையும் நோட்டில் குறித்துவைக்கும் ஈனிட் ப்ரௌஸ் ஓடிப்போய்த் தூக்கினாள். உயிர் இல்லை. லண்டனில் வாராவாரம் புதுக்கதை, புதுக்கொலை என்று ஓடிக்கொண்டிருந்த டிவி தொடர் அது. இந்த வாரம் கொலை நிஜமாகவே நடந்துவிட்டது.

கோப்பையை மோந்து பார்த்த டாக்டர் சயனைடு என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள், கோராவின் கணவரும் கூட நடிப்பவருமான ரூபர்ட் ஹேல்சி ஒப்பனைக்காரியிடம், "பத்திரிகைக்காரங்க வந்தா எம்மூஞ்சி பளபளன்னு இருக்கக்கூடாது, பாரு" என்றார். சீ, இதுவும் ஒரு ஜென்மமா என்று நினைத்தாள் ஈனிட்.

3.10. இன்ஸ்பெக்டர் லோவட், மேசைச் சாமான்களைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் வில்ஃப் கார்சைடை நிற்கவைத்துக் கேட்டார். அரங்கில் புதுப் பெயிண்ட் நெடி மூக்கை அடைத்தது.

"ஒயின் ஜாடியில பழரசம் ஊத்துனது யாரு?"

"நான்தான் சார். காலைல."

"கையில என்னய்யா நாத்தம்?"

"மண்ணெண்ணெய் சார். வேலைக்கு…"

"நல்ல வேலைதான். மத்தியானம் ஒரு மணிக்கு எல்லாரும் சாப்பிடப் போனப்புறம் உள்ள யாரு வந்தா?"

வாசலில் நின்ற தீயணைப்புக் காவலர் சொன்னார்: "ரெண்டே பேரு சார். வில்ஃப், அப்புறம் ஹேல்சி சார்."

ஹேல்சி அலட்டிக்கொள்ளவில்லை. இருபது வருடம் மேடையில் நடித்தவர்; டிவிக்கு இதுதான் முதல் தடவை. "கேன்டீன்ல வரிசை நீளம். மேசையில பன்றிக்கறி இருந்துச்சு. ரெண்டு துண்டு வெட்டி எடுத்துட்டுப் போய் என் அறையில தின்னேன். அருமையான கறி."

கறியில் இரண்டு துண்டு குறைந்துதான் இருந்தது. லோவட் வில்ஃபின் தோளில் கைவைத்தார்.

"சார், எம்பொண்டாட்டி படுத்த படுக்கையா கெடக்குறா. என்னை விட்டா அவளுக்குத் தண்ணி குடுக்கக்கூட ஆள் இல்ல" என்று வில்ஃப் அழுதான்.

ஈனிட் நோட்டை மூடினாள். கறியில் ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்து ஹேல்சியிடம் நீட்டினாள்.

"அருமைன்னீங்களே சார். இன்னொரு துண்டு?"

"எம்பொண்டாட்டி செத்துக் கெடக்குறா, கறி தின்னச் சொல்றியா?"

"ஒரே ஒரு வாய்."

எல்லாக் கண்களும் அவர்மேல். நடிகராயிற்றே, புன்னகையோடு வாயில் போட்டார். ஒரு மெல்லு. இரண்டு மெல்லு. அப்படியே தரையில் வாந்தியெடுத்தார்.

"கேமராவுக்கு வைக்கிற தீனிமேல வில்ஃப் காலையிலயே மண்ணெண்ணெய் அடிச்சிடுவார் சார்" என்றாள் ஈனிட். "இல்லன்னா லைட்டுக்காரங்க மத்தியானத்துக்குள்ள தின்னு தீர்த்துருவாங்க. டிவியில எல்லாருக்கும் தெரியும். இவரு புதுசு, பெயிண்ட் நெடியில மண்ணெண்ணெய் வாசனையும் தெரியல. கறிக்காக வந்திருந்தா, வாயில வச்சதுமே வில்ஃபைத் தேடி வந்து கத்தியிருப்பார். இவரு வாயிலயே வைக்கல. யாராவது பாத்துட்டா சொல்றதுக்குத்தான் வெட்டிட்டுப் போனார். வந்த வேலை ஜாடியில."

3.45. ஹேல்சியின் அறையில் ரேடியேட்டருக்குப் பின்னால் செய்தித்தாள் பொட்டலம் கிடைத்தது. உள்ளே கறி இரண்டு துண்டு, கூடவே ஒரு சின்னக் குப்பி.

"எதுக்குய்யா?" என்றார் லோவட்.

"எங்க போனாலும் அவ பேருக்குக் கீழதான் என் பேரு. வெள்ளிக்கிழமை என்னை விட்டுட்டுப் போறேன்னா. போனா அதையும் பத்திரிகையில போடுவான், அவ பேரை முதல்ல போட்டு."

இதற்கா ஒரு உயிர்? ஈனிட்டுக்கு வாந்தியைப் பார்த்து வராத அருவருப்பு அந்த முகத்தைப் பார்த்து வந்தது.

வில்ஃபை டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு அவள் கிளம்பியபோது, டிரெவர் பாய்ஸ் மெல்லப் பக்கத்தில் வந்தார்.

"ஈனிட், அவ விழுந்த ஷாட்டு… தத்ரூபமா வந்திருக்கு. வச்சுக்கலாமா?"

நோட்டைத் திறந்தாள். 2.07க்கு நேராகப் பென்சில் முனை ஒடிய 'கூடாது' என்று எழுதிவிட்டு, வில்ஃபின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.