மூன்று தரம் லைட்

வலது முழங்கால் காலையிலிருந்து வலித்துக்கொண்டிருந்தது. முட்டிச் சில்லுக்கு அடியில் ஆணி இறங்கியது போன்ற வலி; பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் தொடைவரை ஏறியது. தேயிலைக் கொழுந்து மூட்டை சுமந்து அப்பாவுக்கு முதுகு போயிற்று, மலை ஏறி இறங்கி அம்மாவுக்கு இடுப்பு போயிற்று. தனக்கு முழங்கால் போவதில் அதிசயம் இல்லை என்று சுதேஷ் நினைத்தான். வலியை விட அவனை எரிச்சல்படுத்தியது வேறொன்று. பேராதனையைத் தாண்டியதிலிருந்து எதிரே வந்த ஒவ்வொரு வாகனமும் அவனைப் பார்த்து லைட் அடித்தது.

முன்னால் பொலிஸ் நிற்கிறது, வேகத்தைக் குறை என்று ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வழக்கம்தான். பஸ் அடித்தது, பால் ஏற்றும் பௌசர் அடித்தது, முச்சக்கர வண்டிகூட அடித்தது. ஒவ்வொரு தடவையும் அவன் வேகமுள்ளைப் பார்த்தான். முப்பது. இன்னும் குறைத்தான். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்துத் திட்டினார்கள். மைல் கணக்கில் வந்தும் ஒரு காக்கிச் சட்டையைக் கூடக் காணவில்லை.

டாஷ்போர்டில் கிடந்த போன் அலறியது. கராஜ் முதலாளி ரஸீன்.

"எங்க ஈக்கிற?"

"பிலிமத்தலாவை தாண்டிட்டேன் முதலாளி."

"இன்னும் அங்கயா? வேன்காரன் நாளைக்கு வண்டி வேணும்ங்கிறான். பொணமா இழுத்துட்டு வார?"

"மெதுவா வரச் சொன்னது நீங்கதானே."

"மெதுவா வான்னுதான் சொன்ன. நடந்து வான்னு சொல்லல்ல. இந்தா பாரு, இன்னொரு தண்டச்சீட்டு வந்தா ஒன்ட லைசன்ஸும் போகும், நீயும் போவாய்."

போன் அணைந்தது. சுதேஷ் பல்லைக் கடித்தான். வேகமாகப் போனாலும் குற்றம், மெதுவாகப் போனாலும் குற்றம்.

குண்டசாலையில் என்ஜின் நின்றுபோன வெள்ளை வேன், முன்சக்கரங்கள் தூக்கிக் கட்டப்பட்டு லொறியின் பின்னால் வந்துகொண்டிருந்தது. அவனே சங்கிலி போட்டான். பற்றரி வயரைக் கழற்றினான், ஹேண்ட்பிரேக்கை விடுவித்தான், கதவுகளைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். உள்ளே ஆள் இல்லை. எட்டு மாதமாக ரஸீனின் கராஜில் இழுத்துவரும் வண்டிக்குள் ஆளை உட்கார வைப்பதில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் கயிறுதான். முன் வண்டி இழுக்கும். பின் வண்டிக்குள் ஒருவன் உட்கார்ந்து ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் பார்த்துக்கொள்வான். அன்றைக்கு உட்கார்ந்தவன் நிரோஷன், சுதேஷின் தங்கச்சி புருஷன். கயிற்றைக் கட்டும்போது சொன்னான், "மச்சான், மூணு தரம் லைட் அடிச்சா நிப்பாட்டிரு. இல்லாட்டி ஒந்தங்கச்சிக்கு நீதான் சோறு போடணும்."

கடுகண்ணாவையில் வேகம் பிடிக்கும் பொலிசுக்காக சுதேஷ் ஊர்ந்தான். அவர்களைத் தாண்டியதும், எல்லாரும் செய்வதைத்தான் அவனும் செய்தான்: இழந்த நேரத்தைப் பிடிக்க அழுத்தினான். இறக்கத்தில் பின்னால் லைட் அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கண்ணாடியில் பார்த்தான். அடுத்த வளைவில் நிறுத்தலாம் என்று போனான். என்ஜின் ஓடாத வண்டியில் பிரேக் நாலு மிதிக்குப் பிறகு கல்லாகிவிடும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல.

அந்த வளைவில் கயிறு அறுந்தது. பள்ளத்திலிருந்து பிணமாக எடுத்தபோது நிரோஷனின் இரண்டு கால்களும் பிரேக் பெடலில் இருந்தன. மிதித்த மிதியில் சீற்றின் முதுகு முறிந்திருந்தது. வலது முழங்கால் பின்பக்கமாக மடிந்திருந்தது. விசாரணையில் சுதேஷ் சொன்னான், "லைட் எதுவும் அடிக்கல்ல சேர். தூங்கிட்டான் போல." தங்கச்சியும் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

கடுகண்ணாவை நெருங்கும்போது மழை விட்டிருந்தது. ஆறு மணி வெளிச்சத்தில் தார்ரோட்டிலிருந்து ஆவி எழும்பியது. அப்போதுதான் அந்த வாடை வந்தது. எரிந்த பிரேக் லைனிங் வாடை, ரப்பரும் இரும்பும் கலந்து தொண்டையில் ஒட்டுகிற வாடை. ஓரம் கட்டி இறங்கினான். லொறியின் சக்கரங்கள் சாதாரணச் சூட்டில் இருந்தன. வேனின் பின்சக்கரத்துக்குக் கையைக் கொண்டுபோனவன் உதறிக்கொண்டு இழுத்தான். கொதித்தது. குண்டசாலையிலிருந்து யாரோ அந்தப் பிரேக்கை மிதித்தபடியே வந்ததைப் போல.

கண்ணாடிவழி உள்ளே பார்த்தான். காலிச் சீற். ஹேண்ட்பிரேக் கீழேதான் கிடந்தது. சாவி பையில் இருந்தது.

"சனியன் புடிச்ச வண்டி," என்று சொல்லிச் சக்கரத்தை உதைத்தான். முழங்கால் அவனைத்தான் தண்டித்தது.

இறக்கம் தொடங்கும் இடத்தில் பொலிஸ் நின்றது. சார்ஜன்ட் கையைக் காட்டினார். கருவியைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னார், "இருபத்தெட்டு. வேகம் சரி. ஆனால் இழுக்கிற வண்டிக்குள் ஆளை வைத்துக்கொண்டு போகலாமா?"

"ஆள் இல்லையே சேர்."

"எனக்குக் கண் இல்லையா?"

அவர் டோர்ச்சோடு பின்னால் போனார். கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு கண்ணாடி கீழிறங்கும் சத்தம். பிறகு அவர் தாழ்ந்த குரலில் பேசினார். பதில் கேட்கவில்லை, ஆனால் பதில் வருவதற்கு வேண்டிய இடைவெளி விட்டு, மறுபடியும் பேசினார். சுதேஷ் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து திரும்பவில்லை.

சார்ஜன்ட் எழுதிக்கொண்டே வந்தார். "பெல்ட்டும் இல்லை. ஏன் போடவில்லை என்று கேட்டால் சிரிக்கிறார்." தாளைக் கிழித்து நீட்டினார். "வழியை அடைக்காதே. இடம் பார்த்து நிறுத்தி, அந்த ஆளை இறக்கிவிடு."

ஓட்டுநர் பெயர் என்ற இடத்தில் சிங்களத்தில் எழுதியிருந்தது. அவனுக்கு வாசிக்கத் தெரியும். நிரோஷன்.

பின்னால் நின்ற பஸ் ஹோர்ன் அடித்தது. சார்ஜன்ட் போ போ என்று கையை வீசினார். லொறி உருண்டது.

முதல் வளைவு. இருபது. கண்ணாடியைப் பார்க்காதே. ரோட்டைப் பார்.

இரண்டாவது வளைவு. மூடுபனி. எரிந்த வாடை இப்போது லொறிக்குள்ளேயே இருந்தது.

எதிரே வந்த லொறி லைட் அடித்தது. ஓட்டுநர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பின்னால் காட்டினான்.

அப்போது பக்கக் கண்ணாடி வெளுத்தது.

ஒன்று.

பற்றரி இல்லாத வேன்.

இரண்டு.

மூன்று.

"நிப்பாட்டுறேன் மச்சான். இந்தா, நிப்பாட்டுறேன்."

மிதித்தான். பெடல் இறங்கவில்லை. கல். என்ஜின் எப்போது நின்றதென்று தெரியவில்லை. முப்பத்தைந்து. நாற்பது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தான், கம்பி அறுந்து கையோடு வந்தது. ஐம்பது. இரண்டு கால்களையும் பெடலில் ஏற்றி, முதுகைச் சீற்றில் முட்டுக்கொடுத்து மிதித்தான். முதுகுக்குப் பின்னால் சீற் முறியும் சத்தம். முழங்காலுக்குள் ஏதோ விலகியது.

அறுபது.

கண்ணாடியில் நிரோஷன் இருந்தான். நெற்றியில் காய்ந்த மண். கோபம் இல்லை. ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டிருந்தான். அவசரமில்லாமல், தோளுக்கு மேலிருந்து பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தான்.

அந்த வளைவு வந்தது.

சுதேஷ் அவனுக்குத் தர வேண்டியிருந்தது ஒரு நிறுத்தம். அது இன்னும் பாக்கி.